எட்டுப் பேரில் முதல் பேர்

அமெரிக்காவில், மேரிலாந்துக் கடலோரத்துச் சால்ட் க்ரீக் துறையில் கறுப்பு ஜனங்களுக்குள் பேப்பரைத் திக்காமல் திணறாமல் படிக்கத் தெரிந்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் பாதிரியார். அவருக்கு மூன்று ஊர்க் கோயில், ஒரு நொண்டிக் குதிரை. மாதத்தில் இரண்டு ஞாயிறு வந்து சேர்ந்தாலே பெரிய காரியம். இன்னொருத்தி வீனி கார்னிஷ். ஆகவே ஜப்பான்காரன் ரஷ்யாக்காரனை அடித்தாலும், செயின்ட் லூயிஸில் பொருட்காட்சி போட்டாலும், பால்டிமோரே பற்றி எரிந்தாலும், எல்லாம் வீனியின் வாய் வழியாகத்தான் அந்த ஊருக்குள் நுழைந்தாக வேண்டும்.

அவளும் அந்தப் பதவியை லேசில் விட்டுக்கொடுக்கிற ஆள் இல்லை. சிப்பி உடைக்கும் கொட்டகையில் மத்தியானச் சாப்பாட்டு மணி அடித்ததும் கத்தியைத் துடைத்து வைப்பாள், கையைக் கழுவுவாள், நீராவிக் கப்பல் கொண்டுவந்த நேற்றைய பேப்பரை விரிப்பாள். அடுப்பைச் சுற்றி எல்லோரும் சோள ரொட்டியோடு உட்கார்ந்துவிடுவார்கள். நடுவில் யாராவது பேசினால் பேப்பரை மடித்துவிடுவாள். "எனக்கென்ன, நான் மனசுக்குள்ளயே படிச்சுக்கிறேன்" என்று ஒரு வார்த்தை. அவ்வளவுதான், கொட்டகை கப்சிப்.

இப்பேர்ப்பட்டவளுக்கு வாய்த்த புருஷன் செவர்னுக்கு ஒரு எழுத்துகூடத் தெரியாது. ஆறடி உயரம், படகில் நின்றுகொண்டு பதினெட்டடி இடுக்கியைத் தண்ணீருக்குள் விட்டு, கடலடியைக் கண்ணால் பார்க்காமலே துழாவிச் சிப்பி அள்ளுகிறவன். எது சிப்பி, எது வெறும் ஓடு, எது கல் என்று இடுக்கியின் நுனியில் படுவதை வைத்தே சொல்லிவிடுவான். ஆனால் ஸ்லேட்டைக் காட்டினால் கொட்டாவி விடுவான். கல்யாணமான புதிதில் வீனி இரண்டு குளிர்காலம் போராடிப் பார்த்துவிட்டு, சரி, இந்த வீட்டுக்கு ஒரு படிப்பு போதும் என்று விட்டுவிட்டாள்.

விட்டது தப்பு என்று அவளுக்குத் தெரிந்தது இரண்டு வருஷத்துக்கு முன்னால். மாகாணத் தலைநகர் அன்னபோலிஸில் உட்கார்ந்து ஒரு புதுச் சட்டம் போட்டிருந்தார்கள். அதுவரைக்கும் ஓட்டுச் சீட்டில் கட்சிக்குக் கட்சி ஒரு படம் இருக்கும். படத்தைப் பார்த்து ஒரு குறி, வேலை முடிந்தது. புதுச் சட்டம் படத்தைத் தூக்கிவிட்டது. வெறும் எழுத்து, வரிசை வரிசையாக. கூட ஆள் வரக் கூடாது. ஓட்டுப் போடும் கூண்டுக்குள் சில நிமிஷத்துக்கு மேல் நிற்கக் கூடாது. கட்டத்துக்கு வெளியே பென்சில் இழுத்துவிட்டால் சீட்டு செல்லாது. படிக்காதவன் திணறட்டும் என்பதற்காகவே போட்ட சட்டம். அதைப் போட்டவர்கள் அதை ரொம்ப மறைக்கவும் இல்லை.

அந்த வருஷம் செவர்ன் உள்ளே போய்த் திணறினான். அவசரத்தில் பென்சில் சறுக்கி, எதிரெதிராக நின்ற இரண்டு பேர் கட்டத்தையும் சேர்த்துக் கோடு இழுத்துவிட்டது. வெளியே வந்து இன்னொரு சீட்டு கேட்டான். மேஜையில் இருந்த குமாஸ்தா கெட்டுப்போன சீட்டை வாங்கித் தூக்கிப் பிடித்து, "இது ஓட்டா, இல்ல கோழி கிளறினதா?" என்று கேட்க, அறையில் இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். செவர்ன் சீட்டை அங்கேயே விட்டுவிட்டு வீட்டுக்கு வந்து, சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். அடுத்த வருஷத் தேர்தலுக்குப் போகவே இல்லை. "சிப்பி அள்ளுற நாளைக் கெடுத்துக்கிட்டு எவன் போவான்?" என்றான். வீனிக்கா தெரியாது? அன்றைக்குக் காற்று பலமாக அடித்தது, ஒரு படகும் கிளம்பவில்லை.

இப்போது, 1904-ல், ஜனாதிபதித் தேர்தல். அவன் போயே ஆக வேண்டும் என்று வீனி முடிவு கட்டிவிட்டாள். பெண்பிள்ளைக்கு ஓட்டு இல்லை. அவளுக்கு இருந்திருந்தால் சீட்டை அழகாகப் படித்து, காற்புள்ளி அரைப்புள்ளி வரைக்கும் சரிபார்த்துப் போட்டுவிட்டு வந்திருப்பாள். அவள் வீட்டில் ஓட்டு என்று இருப்பது செவர்னுடைய ஒன்றுதான். அது இப்படிச் சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தால் அவளுக்குப் பொறுக்குமா?

கட்சிக்காரன் கொடுத்த மாதிரிச் சீட்டை விரித்துப் பார்த்தாள். ஜனாதிபதிக்கு நேராக ஓட்டுப் போடுவது என்பது கிடையாதே. ஜனாதிபதிக்கு நிற்கிற ஒவ்வொருத்தர் சார்பிலும் எட்டுப் பேர் நிற்பார்கள், ஏனென்றால் மேரிலாந்து மாகாணத்தின் பங்கு எட்டு. ஜெயிக்கிற எட்டுப் பேர் பின்னால் கூடி ஜனாதிபதிக்கு ஓட்டுப் போடுவார்கள். அடிமைகளை விடுவித்த லிங்கனின் கட்சியில் நின்ற ரூஸ்வெல்ட்டுக்காக எட்டுப் பேர், ஒன்றின் கீழ் ஒன்றாக. சீட்டின் மேலே சின்ன எழுத்தில், "எட்டுப் பேருக்கு வாக்களிக்கவும்" என்று போட்டிருந்தது.

எட்டு. வீனி செவர்னின் கையை நினைத்துப் பார்த்தாள். எட்டுக் கட்டம், எட்டுப் பெருக்கல் குறி, பதினாறு கோடு. பதினாறு தடவை அந்தப் பென்சில் சறுக்காமல் இருக்க வேண்டும். மாவட்டத் தலைநகரிலிருந்து வந்த கட்சிக்காரனிடம் கேட்டாள். அவன் வண்டியில் ஒரு காலும் தரையில் ஒரு காலுமாக நின்றுகொண்டு, "முதல் பேருதாம்மா முக்கியம்" என்று சொல்லிவிட்டுக் குதிரையைத் தட்டிவிட்டான். அவன் என்ன அர்த்தத்தில் சொன்னானோ, வீனிக்கு அது போதுமானதாக இருந்தது.

"ஒரே ஒரு குறி, செவர்ன்," என்றாள் அன்றைக்கு, சூப்பில் இரண்டு சிப்பி கூடுதலாகப் போட்டுக்கொண்டே. "உள்ள போற, ஒண்ணு போடுற, மடிச்சுக் குடுத்துட்டு வர்ற. இதுக்கு என்ன படிப்பு வேணும்?"

"ஒண்ணே ஒண்ணா?"

"ஒண்ணே ஒண்ணு."

"அந்தக் குமாஸ்தா இருப்பானே."

"இருக்கட்டுமே. மடிச்ச சீட்டைப் பிரிச்சுப் பாக்கவா போறான்?"

செவர்ன் சூப்பை ஒரு சொட்டு விடாமல் குடித்து முடித்தான். அப்புறம், "சரி, பாப்போம்" என்றான். அவன் பாப்போம் என்றால் முக்கால்வாசி ஆமாம்.

செவர்னுக்கு மட்டும் என்று ஆரம்பித்ததுதான். மறுநாள் பக்கத்து வீட்டு ஜோப் பிண்டர் வந்தான். அவன் தன் மைத்துனனைக் கூட்டிவந்தான். தேவாலயத்து மூப்பர் பிரதர் எல்சி, எழுபது வயதுக்காரர், அடிமையாகப் பிறந்து அறுபத்தெட்டாம் வயதுவரை படம் பார்த்து ஓட்டுப் போட்டவர், அவரும் தடியை ஊன்றிக்கொண்டு வந்துவிட்டார். வாரக் கடைசியில் வீனியின் சமையலறையில் நாற்பத்து மூன்று ஆம்பிளைகள். நிற்க இடமில்லாமல் பாதிப் பேர் வாசல் வரைக்கும். காகிதத்துக்கு எங்கே போவது? கொட்டகையிலிருந்து சிப்பி ஓடுகளைக் கூடையில் அள்ளி வந்தாள். உள்பக்கம் பளிச்சென்று வெள்ளை. ஆளுக்கொரு கரித்துண்டு.

"இங்க பாருங்க," என்று முதல் பெயரின் ஆரம்ப எழுத்தான B-யைச் சுவரில் பெரிதாகப் போட்டாள். "மேல ஒரு சின்னத் தொப்பை, கீழ ஒரு பெரிய தொப்பை. நம்ம கொட்டகை முதலாளி பக்கவாட்டுல நிக்கிறாருன்னு நெனைச்சுக்கோங்க. அந்த எழுத்துல ஆரம்பிக்கிற பேரு. அதுக்குப் பக்கத்துக் கட்டத்துல ஒரு குறி."

சமையலறை அதிர்ந்தது. "முதலாளிக்கே குறி போட்டுடலாம் போலிருக்கே!" என்றார் பிரதர் எல்சி.

ஜோப் மட்டும் மாதிரிச் சீட்டையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தான். எதையும் இரண்டு தடவை கேட்கிற சுபாவம் அவனுக்கு. "சிஸ்டர் வீனி, அதுக்குக் கீழ இன்னும் ஏழு பேரு இருக்கே. அதெல்லாம் யாரு?"

"யாரா இருந்தா உனக்கென்ன? தலை போனா உடம்பும் கூடப் போகும். நீ ஒண்ணை ஒழுங்காப் போடு, அது போதும்."

ஜோப் கரித்துண்டைக் கையில் எடுத்தான். ஓடு ஓடாகக் குறி விழுந்தது. செவர்ன் மூலையில் உட்கார்ந்து, நாக்கைக் கடித்துக்கொண்டு, கூடையில் பாதியை அவன் ஒருவனே தீர்த்தான்.

தேர்தல் அன்றைக்கு வீனி சாவடி வாசலுக்கு எதிரே, சாலையின் அந்தப் பக்கம், வேலிக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கூட அவள் சிநேகிதி டார்கஸ். நாற்பத்து மூன்று பேரும் ஞாயிற்றுக்கிழமைக் கோட்டு போட்டுக்கொண்டு போனார்கள். ஒவ்வொருத்தராகச் சிரித்துக்கொண்டே வெளியே வந்தார்கள். செவர்ன் உள்ளே போனான். போனவன் வரவில்லை. அவனுக்குப் பின்னால் போன இரண்டு பேர் வந்துவிட்டார்கள். வீனி வேலிக் கம்பத்தை விட்டுச் சாலை ஓரத்துக்கு வந்தாள்.

"என்னடி இது, உள்ள குடித்தனமே வச்சுட்டானா?" என்றாள் டார்கஸ்.

கடைசியில் வந்தான். முகத்தில் ஈயாடவில்லை.

"போட்டாச்சா?"

"போட்டாச்சு."

"ஒழுங்காப் போட்டியா?"

"போட்டாச்சுன்னேன்ல," என்று சொல்லிவிட்டு விறுவிறுவென்று முன்னால் நடந்தான். வீனி அதற்கு மேல் கேட்கவில்லை. கேட்டு, அவன் உண்மையைச் சொல்லிவிட்டால்? பாவம், மறுபடியும் சறுக்கிவிட்டது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள். அன்றைக்குச் சர்க்கரைவள்ளிக் கிழங்குப் பணியாரம் செய்து அவன் தட்டில் வைத்தாள். அவன் இரண்டாவது கேட்கவில்லை. செவர்ன் இரண்டாவது கேட்காத பணியாரத்தை அந்த வீடு அதுவரை கண்டதில்லை.

ரூஸ்வெல்ட் நாடு முழுக்க அடித்து நொறுக்கிவிட்டார் என்று மறுநாளே தெரிந்துவிட்டது. ஆனால் மேரிலாந்து என்ன செய்தது என்பது மட்டும் இழுத்துக்கொண்டே போனது. இன்றைக்கு இவர் முன்னால், நாளைக்கு அவர் முன்னால். அக்கம்பக்கத்து வெள்ளைக்காரர்கள், "ஊரெல்லாம் ஜெயிச்சு என்ன, எங்க மாகாணம் எங்க கைலதான்" என்று சொல்லிக்கொண்டு திரிந்தார்கள். கொட்டகையில் தினமும் இதே பேச்சு. இந்தப் பேச்சு எடுத்தாலே செவர்ன் எழுந்து போய்விடுவான், இடுக்கியின் பல்லைச் சரிபார்க்க வேண்டுமாம். மூன்று வாரமாக அந்த இடுக்கிக்கு அப்படி ஒரு கவனிப்பு.

நவம்பர் கடைசியில் ஒரு நாள் வடமேற்குக் காற்று பிடித்துக்கொண்டது. படகுகள் எல்லாம் துறையிலேயே கட்டிக் கிடந்தன. படகுக்காரர்களும் வந்து கொட்டகை அடுப்பைச் சுற்றி அடைந்துகொண்டார்கள். செவர்னும் கதவோரமாக ஒரு பீப்பாய்மேல் உட்கார்ந்திருந்தான். அந்தக் காற்றில் எழுந்து போகவும் வழியில்லை. கப்பலிலிருந்து பேப்பர் வந்தது. வீனி விரித்தாள், உரக்கப் படித்தாள்: மேரிலாந்தின் எண்ணிக்கை முடிந்தது. ரூஸ்வெல்ட் பக்கத்து முதல் ஆள் ஐம்பத்தொரு ஓட்டில் ஜெயித்துவிட்டார்.

"எத்தனை?"

"ஐம்பத்தொண்ணு! மாகாணம் பூராவும் சேர்த்து, வித்தியாசம் ஐம்பத்தொண்ணு!"

கொட்டகை ஒரு நிமிஷம் கணக்குப் போட்டது. டார்கஸ்தான் முதலில் கத்தினாள். "அடியம்மா! அதுல நாப்பத்து மூணு நம்மளுதுடி!"

அப்புறம் யார் என்ன பேசினார்கள் என்றே தெரியவில்லை. தகரத் தட்டைக் கத்தியால் தட்டினார்கள். பிரதர் எல்சி தடியைத் தூக்கிப்போட்டுவிட்டு ஆடினார். அவர் தடியில்லாமல் நிற்பதைப் பார்த்தே வருஷக்கணக்கு ஆகிறது. "சிஸ்டர் வீனி இல்லேன்னா மேரிலாந்து அவன் கைக்குப் போயிருக்கும்!" என்று ஜோப் எல்லோர் காதிலும் கத்தினான். வீனிக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அதைத் துடைத்துக்கொண்டே, பெருமையோடு பெருமையாக, அடுத்த பத்தியைக் கண்ணால் ஓட்டினாள்.

அடுத்த பத்தி அப்படி இல்லை. ஜெயித்தது முதல் ஆள் ஒருவர்தான், கீழே இருந்த ஏழு பேரும் தோற்றுவிட்டார்கள் என்றது பேப்பர். எட்டில் ஏழு எதிர்க்கட்சிக்கு. காரணமும் போட்டிருந்தது: ஒவ்வொரு பெயருக்கும் தனித்தனியாகக் குறி போட வேண்டியிருக்க, ரூஸ்வெல்ட் பக்கத்து ஆட்கள் பலர், மாகாணம் முழுக்க, முதல் பெயருக்கு மட்டும் போட்டுவிட்டுப் போய்விட்டார்கள்; அறியாமைதான் காரணம்.

வீனி பேப்பரிலிருந்து கண்ணை எடுத்தாள். எதிரே பிரதர் எல்சி இன்னும் ஆடிக்கொண்டிருந்தார். பேப்பரை மடித்துவிட்டால் போதும். இந்தக் கொட்டகையில் வேறு யாருக்கும் அந்தப் பத்தி தெரியப்போவதில்லை. பாதிரியார் வர இன்னும் ஒன்பது நாள் இருந்தது, வந்தாலும் பழைய பேப்பரையா கேட்கப்போகிறார்? சாகிறவரைக்கும் இவர்கள் மேரிலாந்தை ஜெயித்துக் கொடுத்தவர்களாகவே இருக்கலாம். அவளும் ஜெயித்துக் கொடுத்தவளாகவே இருக்கலாம். விரல் தன்னால் பேப்பரின் ஓரத்தைப் பிடித்து மடிக்கக்கூடச் செய்தது.

ஆனால் இவர்கள் அவளைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதுதான் அவளை மடிக்க விடவில்லை. எழுத்தில் என்ன இருக்கிறதோ அதைத்தான் வீனி சொல்வாள் என்று பதினைந்து வருஷமாக நம்பிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறவர்கள்.

"இன்னும் இருக்கு," என்றாள். "உட்காருங்க."

படித்தாள். ஒரு வார்த்தை விடவில்லை. அறியாமை என்ற வார்த்தை வந்த இடத்தில் மட்டும் குரல் கொஞ்சம் தடுமாறியது. அதையும் மறுபடி சரியாகப் படித்தாள். முடித்துவிட்டு, "அந்த அறியாதவ நான்தான்," என்றாள். "நீங்க யாரும் இல்ல. நான் சொன்னதைத்தான் நீங்க செஞ்சீங்க."

தகரத் தட்டுகளை ஒவ்வொருத்தராகக் கீழே வைத்தார்கள்.

"நான் கேட்டேனே," என்றான் ஜோப். கோபமாகக்கூட இல்லை, அதுதான் கொடுமை. "கீழ இருக்கிற ஏழு பேரு யாருன்னு கேட்டேனே சிஸ்டர். உனக்கென்னன்னு சொல்லிட்டீங்களே."

"சொன்னேன் ஜோப்."

"எட்டும் போட்டிருப்பேன் நான். எண்பது குடுத்திருந்தாலும் போட்டிருப்பேன்."

"டேய், விடுடா," என்றார் பிரதர் எல்சி, தடியைத் தேடிக்கொண்டே. "எட்டுல ஒருத்தனையாவது அனுப்பினோமா இல்லையா? போன வருஷத் தேர்தல்ல நம்ம ஆளு ஒருத்தன்கூட ஜெயிக்கலியே. பாவம், அந்த ஒத்தை ஆளு அங்க ஏழு பேரு நடுவுல உட்கார்ந்துக்கிட்டு எப்படி முழிக்கப்போறானோ, அதை நெனைச்சாத்தான் எனக்குக் கவலையா இருக்கு."

இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். டார்கஸ் வந்து வீனியின் தோளில் கை போட்டாள். "அந்தப் பேப்பர்காரன் வந்து ஒரு கூடை சிப்பி உடைச்சுக் காட்டட்டும், அப்புறம் பேசலாம் அறியாமையைப் பத்தி," என்றாள். அதற்கு இன்னும் நாலு பேர் சிரித்தார்கள். ஜோப்கூட மூக்கைத் துடைத்துக்கொண்டு, "சரி விடுங்க சிஸ்டர்" என்று முனகினான். வீனி எல்லோரையும் பார்த்துவிட்டுக் கதவுப் பக்கம் பார்த்தாள். பீப்பாய் காலியாக இருந்தது. செவர்ன் இல்லை.

சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு வெளியே ஓடினாள். துறையின் கடைசியில், காற்றில் குலுங்கிக்கொண்டிருந்த தன் படகுக்கு நேரே, பலகையில் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தான். அவள் வந்து பக்கத்தில் நின்றதும் திரும்பாமலே, "உள்ள போ. காத்தடிக்குது," என்றான்.

"எம்மேல கோவமா?"

"இல்ல."

"திட்டணும்னா திட்டிடு. அத்தனை பேரு முன்னாடி வேணாம்னுதான் இங்க வந்தியா?"

"வீனி, உங்கிட்ட ஒண்ணு சொல்லணும். மூணு வாரமாச் சொல்லல."

"சீட்டைக் கெடுத்துட்டியா?"

கேட்ட வேகம் அவளுக்கே உறைத்தது. செவர்ன் அப்போதுதான் திரும்பி அவள் முகத்தைப் பார்த்தான். "பாத்தியா," என்றான். "நீயும் அதான் நெனைச்சுக்கிட்டிருந்திருக்கே."

வீனி தலையை ஆட்டி ஒத்துக்கொண்டாள்.

"நான் எட்டும் போட்டேன்."

"என்ன?"

"எட்டும் போட்டேன். முதல் பேரைக் கண்டுபிடிச்சேன், அந்தத் தொப்பைக்காரனை. போட்டேன். கட்டத்துக்குள்ள நறுக்குன்னு விழுந்துச்சு. கை நடுங்கவே இல்ல வீனி. எனக்கே ஆச்சரியமாப் போச்சு. அப்புறம் கீழ பாத்தா இன்னும் ஏழு பேரு. மேஜையில எட்டுப் பேரை உட்கார வச்சு ஒருத்தனுக்கு மட்டும் சூப் ஊத்துற மாதிரி இருந்துச்சு. ரெண்டு வருஷம் கழிச்சு அந்தக் கூண்டுக்குள்ள போயிருக்கேன், ஒரே ஒரு குறி போட்டுட்டு வர மனசு வரல. அடுத்ததுக்குப் போட்டேன். அதுக்கடுத்ததுக்கும் போட்டேன். கீழ ஒரு கறுப்புக் கோடு வந்துச்சு, நம்ம கட்சிப் பேரு அதோட முடிஞ்சுதுன்னு அங்க நிறுத்திட்டேன்."

"இதை ஏன் எங்கிட்ட சொல்லல?"

"எப்படிச் சொல்வேன்? நீ ஒண்ணுன்னே. நாப்பத்து ரெண்டு பேரும் ஒண்ணு போட்டான். நான் ஒருத்தன் எட்டுப் போட்டா, தப்பு யாரோடதா இருக்கும்? நீயோ படிச்சவ. இந்தத் தடவையும் கெடுத்துட்டேன், நீ அத்தனை நாள் பாடுபட்டதை என் ஆசையால பாழாக்கிட்டேன்னு நெனைச்சேன். உன் மூஞ்சியப் பாக்க முடியல."

காற்று சால்வையைப் பிடித்து இழுத்தது. வீனி அதை இறுக்கிக்கொண்டு அவன் பக்கத்தில் பலகையில் உட்கார்ந்தாள். உட்கார்ந்ததும் அழுகை வந்துவிட்டது. செவர்ன் பதறிப்போனான். "இப்ப எதுக்கு அழற? நான் போட்டதுதான் சரின்னு பேப்பர்ல வந்துடுச்சே!"

"அந்தச் சீட்டுல எட்டுன்னு எழுதியிருந்துச்சு," என்றாள். "நான் படிச்சேன் செவர்ன். ரெண்டு தடவை படிச்சேன். படிச்சுட்டுத்தான் ஒண்ணுன்னு சொன்னேன். உன் கைக்கு எட்டு வராதுன்னு நெனைச்சுட்டேன். உன் ஒருத்தன் கைக்காக அத்தனை பேரையும் ஒண்ணோட நிறுத்திட்டேன். உனக்கு வராதுன்னு நெனைச்சுத்தானே அந்த அன்னபோலிஸ்காரனும் சட்டத்தைப் போட்டான்? அவனுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம் சொல்லு."

செவர்ன் அதை நிஜமாகவே யோசித்துப் பார்த்தான். அவன் எதையும் சும்மா சமாதானத்துக்குச் சொல்கிறவன் இல்லை. "அவன் எனக்குப் பணியாரம் சுட்டுத் தரலியே," என்றான் கடைசியில்.

"கேலி பண்ணாதே. மன்னிச்சேன்னு சொல்லு."

"மன்னிச்சேன். ஆனா ஒண்ணு. எட்டாவது மட்டும் கொஞ்சம் கோணலாயிடுச்சு. பென்சில் மழுங்கிப் போச்சு. மத்த ஏழும் நேரு." பெரிய கையை விரித்து, ஆள்காட்டி விரலால் காற்றில் ஒரு குறி போட்டுக் காட்டினான். "இப்படி."

வீனி அந்தக் கையைப் பிடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். பதினைந்து வருஷமாக இந்த ஊருக்கே படித்துச் சொல்லிக்கொண்டிருக்கிறவள், சால்வை முனையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அவன் பக்கமாக நன்றாகத் திரும்பி உட்கார்ந்தாள்.

"கூண்டுக்குள்ள போனதுலேருந்து சொல்லு," என்றாள். "ஒண்ணு விடாமச் சொல்லு. நான் நடுவுல பேச மாட்டேன்."